மஞ்சள் குருணை

வேம்புலியம்மாளின் தாடையில் பாதியை அறுத்து எடுக்கப் பட்டணத்துப் பெரிய டாக்டர் நாள் குறித்திருந்தார். வரும் வெள்ளிக்கிழமை. காரணம் புற்று. 'அதுவரை கட்டு மாற்றி வரவும்' என்று எனக்கு ஒரு சீட்டு. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பத்தாறாம் வருஷத்துத் தை மாதம் அது. பூந்தமல்லி தர்ம ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே டாக்டர் நான்தான். வரலட்சுமி, எல்.எம்.பி. பொம்பளை டாக்டர் பிரசவம் பார்த்தால் போதும் என்று நினைத்தவர்களில் பெரிய டாக்டரும் ஒருவர்.

வேம்புலியம்மாளுக்கு இருபத்தாறு வயது. அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே நடவு, அறுப்பு என்று கூலி வேலை. வாய் பூட்டிக் கிடந்தது; சுண்டுவிரல் நுழையாது. பேச்சும் இல்லை, கஞ்சிதான். இடது தாடை பலகை மாதிரி இறுகி, மூன்று துளை விழுந்திருந்தது. சலாகைக் கம்பியை உள்ளே விட்டால் எலும்பு தட்டியது. ஆனால் கழுத்தில் ஒரு நெறிகூடக் கட்டவில்லை. புற்று இத்தனை மாதம் கழுத்தைச் சும்மா விட்டு வைக்காது.

"தாடைய எட்த்துட்டா எப்டிம்மா துன்னும்?" என்றான் அவள் புருஷன் முனியன். "அதுக்குச் செத்துப்பூடறேன்னு கைய ஆட்டிக் காட்டுது."

"அறுக்க விடமாட்டேன். இது புற்றே இல்லை. காளான். எலும்பைப் பிடிச்சிருக்கு."

"மழைக்கு மொளைக்குமே, அதுவாம்மா?"

"அதுக்குச் சொந்தக்காரன்னு வெச்சுக்கோ. கண்ணுக்குத் தெரியாது."

வைக்கோல் தாளை ஒடித்துப் பல் குத்தினால், சொத்தைப் பல் வழியாக அது இறங்கும் என்று எங்கள் புத்தகம் சொன்னது. அவளுக்குச் சொத்தைப் பல்லும் இருந்தது, அந்தப் பழக்கமும் இருந்தது. ஆனால் பெரிய டாக்டர் சாட்சி கேட்பார். சீழில் ரவை போல மஞ்சள் குருணை வரும். அதை மைக்ராஸ்கோப்பில் காட்டிவிட்டால் மறுபேச்சுக்கு இடமில்லை.

சீழ்தான் கிடைக்கவில்லை. திங்களன்று புண்ணை மஞ்சள் நீரில் கழுவி, வெளுத்த துணி கட்டி வந்திருந்தாள். நாளைக்குக் கழுவாமல் வா என்றேன். செவ்வாயும் பளிச்சென்று வந்தாள். புதனும் அப்படியே. நான் போட்ட கூச்சலில் வெளியே நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஊட்ல கழுவாமத்தான் இட்டுகினு வந்தேம்மா," என்று முனியன் தலையைச் சொறிந்தான். "ஆஸ்பத்திரி வாசலாண்ட வந்ததும் கொளத்துல எறங்கி கழுவிக்கினு வருது. சொன்னா கேக்கல."

வேம்புலியம்மாள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வியாழன் காலை ஜட்கா பிடித்து அவர்கள் குடிசைக்கே போய்விட்டேன். என்னைக் கண்டதும் அவள் தண்ணீர்ப் பானைக்கு ஓடினாள். எட்டிக் கையைப் பிடித்து உட்கார வைத்து, கட்டை நானே அவிழ்த்தேன். துணியில் ஆறு குருணை ஒட்டியிருந்தது. மஞ்சளாக, ரவையேதான். ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு கண்ணாடிக்கு நடுவே நசுக்கி, சாயம் ஏற்றிப் பார்த்தேன். நடுவில் சிக்கு விழுந்த நூல், ஓரத்தில் கதிர்கதிராக இழைகள். சந்தோஷத்தில் தனியாகவே சிரித்தேன்.

மறுநாள் அந்தக் கண்ணாடித் துண்டுகளோடு பட்டணம் போனேன். பெரிய டாக்டர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"பொட்டாசியம் அயோடைடா கொடுக்கப் போறே?"

"ஆமாம். கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். வாய் திறந்ததும் பல்லைப் பிடுங்குவேன்."

அவர் பேனாவை எடுத்து அன்றைய அறுவைப் பட்டியலில் அவள் பெயரை அடித்தார். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மருந்தைப் பாலில் கலந்து கொடுத்தேன். மூக்கு ஒழுகியது, முகமெல்லாம் பரு கிளம்பியது, நாக்கில் தகரம் நக்கின ருசி. அவள் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மாசியில் தாடை இளகியது. பங்குனியில் பல்லைப் பிடுங்கினேன். சித்திரையில் துளைகள் மூடி, வாய்க்குள் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது.

"பார்த்தியா?" என்றேன் பெருமையாக. "நான் வீடு தேடி வராட்டா உன் தாடை போயிருக்கும். அப்படி என்ன பிடிவாதம்? சொல்லச் சொல்ல ஏன் கழுவினே?"

அவள் முதல் தடவையாக என்னிடம் முழுசாகப் பேசினாள்.

"போன ஆடில மொத மொத உங்ககிட்டதான் வந்தேன் டாக்டரம்மா. அன்னிக்கிக் கன்னத்துல துணி கட்டிகினு, கழுவாமத்தான் வந்தேன். நாத்தம் தாங்காம நீங்கோ மூக்கப் பொத்திகினு, தள்ளி நின்னே மருந்து எழுதிக் குட்த்தீங்கோ. எனக்கு அசிங்கமாப் பூட்சி."

எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. பழைய நோட்டை எடுத்து ஆடி மாதத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது: 'வேம்புலியம்மாள், அயனம்பாக்கம். பல்வலி. கொப்பளிக்க மருந்து.' கன்னத்தில் கட்டு இருந்ததாகக்கூட நான் எழுதியிருக்கவில்லை.