அனுப்பாத இரண்டாவது வரி

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த மூன்று மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. அதனால் யாரும் யார் வீட்டுக்கும் ஏறிப் போவதில்லை. தண்ணீர் லாரி வந்ததா, மோட்டாரை யார் நிறுத்துவது, கோயில் பிரசாதம் யாருக்கு வேண்டும் என்பதெல்லாமே வாட்ஸப் குழுவில்தான்.

முதல் மாடி ராகவேந்திரனுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து மொபைல் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. மனைவி நீரஜா ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டரில் தன்னுடைய வாட்ஸப்பைத் திறந்து வைத்தாள். "எல்லாம் என் பேர்லதான் போகும். படிக்கறதோட நிறுத்திக்கோங்கோ" என்று சொல்லியும் வைத்தாள். அவரும் அப்படித்தான் இருந்தார். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, குழுவில் யார் என்ன சொன்னார்கள் என்று பெரிய எழுத்தில் வாசித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

அன்று நீரஜா பாட்டு வகுப்பு எடுக்க ஆழ்வார்பேட்டை போயிருந்தாள். அடுக்களையில் சுப்பம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வருகிறவள். இந்தக் கட்டடத்தில் ஐந்து வீட்டு வேலை. அதுதான் அவள் பிழைப்பு. கொஞ்ச நாளாகவே அவளுக்கு விடாத இருமல். இரண்டு பாத்திரம் கழுவுவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

ராகவேந்திரனுக்கு மெய்யாகவே மனசு கஷ்டப்பட்டது. எழுந்து அடுக்களைக்குப் போய், என்ன உடம்புக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருந்த இடத்திலிருந்து கேட்டிருந்தால்கூட அவளுக்குக் காது கேட்கும். ஆனால் மனிதர் அவளிடம் கேட்காமல் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

அவர் மனசில் இருந்தது இரண்டு வரி. "சுப்பம்மா ரொம்ப நாளாக இருமுகிறாள். டி.பி.யாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது" என்பது முதல் வரி. "நாம் எல்லோரும் சேர்ந்து அவளை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டுவோம்" என்பது இரண்டாவது. ஆபீஸில் வருஷக்கணக்காகக் கடிதம் அடித்த கை அல்லவா? முதல் வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போவதற்காக என்டரைத் தட்டியது. கம்ப்யூட்டர் வாட்ஸப்பில் என்டரைத் தட்டினால் அடுத்த வரி வராது, அடித்தது அப்படியே குழுவுக்குப் போய்விடும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

பதறிப்போய் இரண்டாவது வரியைத் தொடங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. "நல்ல வேளை சொன்னீங்க மாமி. எங்க வீட்ல கைக்குழந்தை இருக்கு" என்று மூன்றாவது மாடி தங்கம். "நீரஜா மாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாருலதா. பின்னாலேயே வரிசையாகக் கும்பிடும் கைகள். ராகவேந்திரனுக்கு உள்ளூர ஒரு குஷி பிறந்தது. இத்தனை பேர் நன்றி சொல்லும்போது டாக்டர் செலவை நடுவில் கொண்டுவருவானேன்? அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று குளிக்கப் போனார். அப்புறம் மறந்தும் போனார்.

சாயங்காலம் நீரஜா திரும்பி வந்தபோது சுப்பம்மா கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மாமி, நீயே இப்டி பண்ணிட்டியே?"

"நான் என்ன பண்ணினேன்?"

"உன் பேர்லதான வந்துகீது! எனக்கு டிபின்னு. ஒரு ஊட்லயும் உள்ள உடல. தங்கம்மா கதவுக்கு உள்ள நின்னுகினே போனக் காட்டுது. பெரியாஸ்பத்திரில சளி எட்த்துப் பாத்துட்டாங்கோ மாமி, ஒண்ணியும் இல்ல. தூசி ஒத்துக்கலயாம், மாத்திரை துன்னுகினுகீறேன். என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

நீரஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வகுப்பில் அணைத்து வைத்திருந்த போனை அப்போதுதான் எடுத்துப் பார்த்தாள். விறுவிறுவென்று மாடியேறினாள்.

"என் பேர்ல இதை எழுதினது நீங்கதானே?"

"டாக்டர்ட்ட காட்டலாம்னு எழுத வந்தேன் நீரஜா. என்டரைத் தட்டினேன், அது பாட்டுக்குப் போயிடுத்து."

"முதல் வரியை என்டர் அனுப்பித்து, சரி. ரெண்டாவது வரியை எழுதாம எழுந்து போனது யாரு?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"நிஜமாவே டி.பி.யா இருந்தாத்தான் என்ன? மருந்து சாப்ட்டா சரியாற வியாதி. மனுஷி மூஞ்சில கதவைச் சாத்தினா அது சரியாறதா? மத்த நாலு ஆத்து வேலையும் போயிடுத்து அவளுக்கு!"

ராகவேந்திரன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தான்தான் தப்பாக எழுதியதாகவும், சுப்பம்மாவுக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றும், மன்னிக்கவேண்டும் என்றும் தன் பெயரைப் போட்டு எழுதி அனுப்பினார். எல்லோரும் படித்துவிட்ட அடையாளம் நீலமாக வந்தது. பதில் இல்லை. கும்பிடும் கைகளும் இல்லை. கடைசியில் ஒருத்தர் மட்டும், "மோட்டாரை ஆஃப் பண்ணியாச்சா?" என்று கேட்டிருந்தார்.

ராகவேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கைப்பிடியைத் தடவித் தடவிப் படியேறினார். ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு தங்கத்தின் வாசலில் நின்றார்.

"ஐயோ, கண் ஆபரேஷன் பண்ணிட்டு எதுக்கு சார் இவ்ளோ படி ஏறி வந்தீங்க? நீங்க போட்ட மெசேஜைத்தான் பாத்தேன்லா!"

"பாத்தேள். நம்பினேளா?"

தங்கம் இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்தாள்.

"சுப்பம்மாவுக்கு ஒண்ணும் இல்லே. அவளைக் கேக்காம நான்தான் அப்படி எழுதிட்டேன். ஒருத்தரைப் பத்தி அவா கிட்டயே கேக்காத விஷயத்தை நாலு பேருக்கு அனுப்பப்படாதும்மா. முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாததை உக்காந்த எடத்துலேந்து தட்டி விடப்படாது. எனக்கு இந்த வயசுலதான் புரியறது."

தங்கம் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, மாடிப்படிச் சுவரின் மேல் எட்டிக் கீழே பார்த்தாள். "சுப்பம்மா, மேல வா!"

"நாளிக்கு வரேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு எனக்கு மன்சு சரில்ல."

மறுநாள் காலை அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. ராகவேந்திரன் காபி டம்ளரைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போய் நிலைப்படியில் நின்றார்.

"இருமல் எப்படிம்மா இருக்கு?"

சுப்பம்மா திரும்பவில்லை. கழுவின தட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"பரவால்ல சாரு. இத நேத்தே கேட்டிருந்தா நீ அத்தினி படி ஏறிருக்க வேணாம்."