பதினோரு நிமிட வெடிப்பு

ஆம்பிளிஃபயருக்குள் தண்ணீர் ஊற்றியது நான்தான். வேண்டுமென்று இல்லை. மூன்று வாரமாக மழை எட்டிப் பார்க்காத ஊர். கூட்டம் தொடங்குமுன் தூசி அடங்கட்டும் என்று வாளியும் கையுமாகத் தரையில் தெளித்துக்கொண்டு வந்தேன். மூலையில் கிடந்த பெட்டி ‘டப்’ என்றது. புகை வந்தது.

எங்கள் குறும்படக் கழகத்தின் மாதக் கூட்டம் விஜயராஜ் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸ் குடோனில் நடக்கும். தீப்பெட்டி ஆபீசில் புகை வந்தால் யாரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். நொடியில் நாற்பது பேரும் தெருவில் நின்றோம். முதலில் ஓடியவன் கழகச் செயலாளர், அதாவது நான்.

“ஏம்வே, தரையைத் தெளிக்கச் சொன்னா பெட்டியைக் குளிப்பாட்டியிருக்கீரு!” என்றார் விஜயராஜ்.

வேறு பெட்டி கிடைக்கவில்லை. ஊரிலிருந்த மைக்செட்டெல்லாம் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தது. அன்று படம் மாரிச்செல்வியுடையது, பதினோரு நிமிடம். இதே ஆபீசில் தீப்பெட்டி அடைக்கிற பெண். கழகத்தில் அவளுக்கு இது முதல் படம். தன் ஊரான இடைசெவலிலிருந்து மாமியார் பெத்தம்மாளையும் தெருக்காரர் பதினோரு பேரையும் பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். செல்போனை வைத்துக்கொண்டு புஞ்சையில் குனிந்து கிடந்தவளைப் பார்த்து ஆறு மாதமாகச் சிரித்தவர்கள் அவர்கள். ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னொரு சங்கடம், ஒரு படத்தை ஒரு தடவைக்கு மேல் போடக் கூடாது என்பது கழக விதி. என்னுடைய நாற்பது நிமிடப் படத்தை இரண்டாவது மாதமும் போட நான் கிளம்பியபோது அவசரமாக நிறைவேற்றிய விதி அது.

“போடுங்க அண்ணாச்சி. சத்தமில்லாமலே போடுங்க” என்றாள் மாரிச்செல்வி. என்னைப் பார்க்கவில்லை.

திரையில் ஒரு வெடிப்பு தெரிந்தது. கோடையில் பிளந்த கரிசல், முழங்கை இறங்குகிற அகலம். வேறொன்றுமில்லை. ஒரு நிமிடம் கழித்து முதல் துளி விழுந்தது. பிறகு பத்து, பிறகு எண்ண முடியவில்லை. சாம்பல் நிறமாயிருந்த மண் கண்ணெதிரே கறுத்தது. ஓடிவந்த நீர் விளிம்பில் தயங்கி உள்ளே சரிந்தது. எவ்வளவு விழுந்தாலும் நிரம்பவில்லை. ஒரு சிலந்தி முட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு மேலேறி வந்து, சற்று நின்று, போய்விட்டது. மாதக்கணக்கில் காத்திருந்து, மழை பிடித்த பிறகு இரண்டு நாள் மணிக்கொரு தரம் குனிந்து எடுத்திருக்கிறாள். வெடிப்பின் இரண்டு கரைகளும் மயிரிழை மயிரிழையாக நெருங்கின. கடைசியில் ஒரு கோடு. பிறகு அந்தக் கோடும் இல்லை.

பிறந்ததிலிருந்து நான் மிதித்து நடந்த மண். அது மூடுவதை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. என் கையில் காலி வாளி இன்னும் இருந்தது. கீழே வைக்கத் தோன்றவில்லை. யாரும் கைதட்டவில்லை. பெத்தம்மாள் எழுந்து போய்த் திரையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

டீ வந்ததும் ஆளாளுக்கு என்னைத் தேற்ற ஆரம்பித்தார்கள்.

“சத்தமில்லாதது குறையாத் தெரிஞ்சுதா?” என்று விஜயராஜைக் கேட்டேன்.

“அது ஒரு மாதிரி நல்லாத்தான்வே இருந்துச்சு. வடை சொல்லியிருக்கீரா?”

விதைக்கடை முத்துகிருஷ்ணனைக் கேட்டேன். “உம்ம படத்துலயும் இப்படித் தண்ணியைத் தெளிச்சிருந்தா நாங்க தப்பிச்சிருப்போம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. என் வாளியால்தான் படம் அழகானது என்றுகூட நினைக்க ஆரம்பித்திருந்தேன். கலைஞன் மனம் அப்படி.

பஸ்ஸுக்குக் கிளம்பிய மாரிச்செல்வியை வாசலில் மறித்தேன். “தாயி, உண்மையைச் சொல்லு. படத்தைக் கெடுத்துட்டனா?”

அவள் செல்போனில் இயர்போனைச் செருகி என் காதில் மாட்டினாள்.

முதலில் மண்கட்டிகள் உருளும் ஓசை, எங்கோ ஆழத்தில். பிறகு நீர் இறங்கியது, என் தலைக்குள்ளேயே இறங்குவது போல. உள்ளேயிருந்த காற்று நீளமாகச் சீறிக்கொண்டு வெளியேறியது. பெரிய மாடு ஒன்று தொட்டியில் வாய் வைத்து மூச்சு விடாமல் குடிக்கிற சத்தம். குடித்தது, குடித்தது, மெல்லத் தணிந்தது. அதற்குப் பின் வந்த அமைதியில் என் நாடித் துடிப்புதான் கேட்டது.

“இதை எங்கன இருந்து எடுத்த?”

“பழைய ஹெட்செட் மைக்கைப் பாலித்தீன் பையில கட்டி உள்ள இறக்குனேன் அண்ணாச்சி. மண்ணு மூடிட்டு. இன்னும் அங்கனதான் கிடக்கு.”

தெருவில் அவள் ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

“விதியை மாத்திருவோம். அடுத்த மாசம் சத்தத்தோட போடுவோம்.”

“நீங்க போடுவீங்க. இவங்க வருவாங்களா? ஒரு நாள் களைவெட்டை விட்டுட்டு வந்திருக்காங்க.”

“அப்போ...”

“ஆமா அண்ணாச்சி” என்றாள், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து. “கெடுத்துட்டீங்க.”