ருசியில்லாத மாவு

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, பனைமாவு ஆலையின் பொட்டலக் கூடத்தில் புதிய உறைகள் வந்து இறங்கின. பின்பக்கத்தில் நான்கு வரிகள் அச்சாகியிருந்தன. வயிற்றுப்போக்குக்கு நல்லது, உடல்சூட்டைத் தணிக்கும், குழந்தைகளுக்கும் நோயிலிருந்து எழுந்தவர்களுக்கும் எளிதில் செரிக்கும், சர்க்கரை நோயாளிகள் சோற்றுக்குப் பதிலாக உண்ணலாம்.

முதல் மூன்றும் ஊரே சொல்லிவந்தவை. நான்காவதைச் சொன்னவள் மாவு அலசும் தொட்டியில் வேலை பார்த்த பெண். ஆலையில் அவளை 'நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூந்தல்பனையைப் பூப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். பூத்துவிட்டால் தண்டில் சேர்ந்திருக்கும் மாவையெல்லாம் பூவே தின்றுவிடும். தண்டின் மென்மையான உள்பகுதியை இடித்துக் கரைத்து, துணியில் வடிகட்டி, தொட்டியில் தெளியவிடுவார்கள். மேலே நிற்கும் சிவந்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுவார்கள். கசப்பும் தொண்டை அரிப்பும் போகும்வரை இதே வேலைதான். போய்விட்டதா என்று சொல்வது அவள் பொறுப்பு. அடியில் தங்கிய ஈரமாவை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைப்பாள், உடனே துப்பிவிடுவாள். "இன்னும் அரிக்குது" என்றால் இன்னொரு தண்ணீர். "ஒண்ணுமே இல்ல" என்றால் மாவு வெயிலுக்குப் போகும்.

உறை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் முதலாளி தொட்டியருகே வந்து கேட்டார்.

"இனிப்பு ஏதாவது தெரியுதா?"

"கசப்பும் இல்ல, இனிப்பும் இல்ல. வெறும் வாய் மாதிரி இருக்கு."

"அப்போ சுகர்காரங்க சாப்பிடலாமா?"

"இனிப்பே இல்லாததுல என்ன வந்துடப் போகுது? தாராளமா சாப்பிடலாம்."

அவள் அதை நம்பித்தான் சொன்னாள். புது உறையில் அடைத்த முதல் பொட்டலத்தைத் தன் அண்ணனுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அண்ணன் தையல்காரர். பல வருடங்களாகச் சர்க்கரை நோய். பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

"இதுல ஆயிரம் எழுதுவான். நீ சொல்றியா, அதச் சொல்லு."

"நான்தான் சொல்றேன், அண்ணே."

"அப்ப சரி. ஊரே உன் நாக்க நம்புது, நான் நம்ப மாட்டேனா?"

அன்றிலிருந்து அண்ணி இரண்டு வேளையும் பனைமாவுக் கஞ்சி காய்ச்சினாள். மாவு தீரத் தீர இவள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணன் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். இடது காலில் துணி சுற்றியிருந்தது.

"கால்ல என்ன?"

"கீழ கிடந்த ஊசிய மிதிச்சிட்டேன். தையல்காரன் கால்ல ஊசி குத்தாம முதலையா கடிக்கும்?"

அடுப்படியிலிருந்து அண்ணி வெளியே வந்தாள். "ரெண்டு வாரமா ஆறல. டாக்டர்கிட்ட போலாம்னா கேக்கறாரா? தங்கச்சி மாவு இருக்கே, எதுக்கு இத்தன மாத்திரைன்னு பாதிய நிறுத்திட்டாரு."

"வந்ததும் வராததுமா கோள் மூட்டாத."

இவள் குனிந்து துணியை அவிழ்த்தாள். சுண்டுவிரல் கறுத்திருந்தது. நாற்றம் அடித்தது.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு, என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். அண்ணன் சொன்னார்.

"சுகருக்கு அது நல்லதுன்னு யாரு சொன்னது?"

அண்ணன் தங்கையின் பக்கம் திரும்பவில்லை. "பாக்கெட்ல போட்டிருந்துது டாக்டர்."

"வயிறு சரியில்லாதவங்களுக்கு நல்ல கஞ்சிதான். உங்களுக்கு இல்ல. அது முழுக்க மாவுச்சத்து, உள்ள போனா சர்க்கரைதான். வாயிலயே மாற ஆரம்பிச்சிடும்."

நான்தான் சொன்னேன் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாற்றுத் துணி எடுக்க அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். காலையில் காய்ச்சிய கஞ்சி பாத்திரத்தில் ஆறிக் கெட்டியாகியிருந்தது. உப்புகூடப் போடாத கஞ்சி. ஒரு கரண்டி வாயில் போட்டாள். விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. அப்படியே வைத்துக்கொண்டு அண்ணனின் சட்டைகளை மடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது சட்டையை மடிக்கும்போது நாக்கின் ஓரத்தில் மெல்லிய இனிப்பு ஊறியது.

திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் எப்பவும் உடனே துப்பிடுவேன். வாயில வச்சிருந்து பாத்ததே இல்ல. இன்னைக்கு வச்சுப் பாத்தேன். இனிக்குது."

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அப்ப மூணு மாசமா நான் இனிப்புதான் சாப்பிட்டிருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா ரசிச்சு சாப்பிட்டிருப்பேன்ல?"

அண்ணி சிரிக்கவில்லை. இவளைப் பார்க்கவுமில்லை. பையிலிருந்த சட்டைகளை எடுத்து உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அவள் முதலாளியிடம் போய் அந்த வரியை எடுக்கச் சொன்னாள்.

"நீதானம்மா சொன்னே?"

"ஆமா, நான்தான் சொன்னேன். அதான் நானே வந்து எடுக்கச் சொல்றேன்."

அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றார் அவர். அவள் கறுப்பு மைப் பேனா ஒன்று வாங்கிவந்தாள். சாப்பாட்டு இடைவேளைகளில் பொட்டலக் கூடத்தில் உட்கார்ந்து உறை உறையாக நான்காவது வரியைக் கோடிட்டு அடித்தாள். யாரும் தடுக்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி அண்ணனின் இடது காலிலிருந்து சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் அகற்றப்பட்டன. கூடத்தில் மிச்சமிருந்த உறைகள் எல்லாவற்றிலும் அந்த வரி கோடிட்டு அடிக்கப்பட்டது. அதற்குள் கடைகளுக்குப் போயிருந்த பொட்டலங்கள் திரும்பி வரவில்லை.