விரலிடைத் தோல்

அருங்காட்சியகத்தின் இரண்டாம் மாடி முழுக்கப் பறவைகள். அந்தப் பிரிவின் காப்பாளர் ஐம்பத்து மூன்று வயதுக்காரர். பஞ்சு திணித்த பதினோராயிரம் பறவைகள் அவர் பொறுப்பில் இழுப்பறைகளுக்குள் மல்லாந்து கிடந்தன. ஒவ்வொன்றின் காலிலும் அது கிடைத்த நாளையும் இடத்தையும் எழுதிய சீட்டு கட்டியிருக்கும். மனிதர்களோடுதான் அவருக்கு ஒத்துவராது. கீழ்த்தளத்தில் பாலூட்டிகள் பிரிவைப் பார்த்துக்கொண்டவரோடு ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு மர ஏணியை யார் முதலில் எடுப்பது என்பதில் ஆரம்பித்த சண்டை அது.

எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். ஒரு வார இதழில் பல வருடங்களாக எழுதிவந்தார். உயிர்கள் கடலை விட்டுக் கரையேறியது, செதில் இறகானது, எப்போதோ வெடித்துச் சிதறிய விண்மீனின் இரும்பு நம் ரத்தத்தில் ஓடுவது எல்லாவற்றையும் கதைபோலச் சொல்வார். பிரபஞ்சத்துக்கு நேற்று வந்த விருந்தாளியான மனிதன் வீட்டுக்காரனைப் போல அதட்டுகிறான் என்பது அவர் வாதம். எந்தக் கட்டுரையானாலும் கடைசியில் இது தலைகாட்டிவிடும்.

அப்படி ஒன்றுக்குத் ‘தண்ணீரின் ஞாபகம்’ என்று பெயர் வைத்திருந்தார். தங்கை மகளின் வலது கையைப் பற்றியது. விரல்களுக்கு நடுவே தோல் சேர்ந்திருக்கப் பிறந்தவள் அவள். விரலை மடக்க நீட்டத் தடையில்லை, அப்படியே விட்டுவிடலாம் என்று மருத்துவர் சொல்ல, விட்டுவிட்டார்கள். மாமா அந்தக் கையைத் தவளையின் பாதம் என்றும், நம் மூதாதைகள் நீந்தித் திரிந்த ஏரி அந்தக் குழந்தையின் கையில் திரும்பி வந்திருக்கிறது என்றும் எழுதினார். வாசகர் கடிதங்கள் குவிந்தன. ஆறு வருடம் கழித்து ஏழாம் வகுப்புப் பாடநூலுக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் ஏழாம் வகுப்பில் காலெடுத்து வைத்த அதே வருடம்.

ஆசிரியை பாடத்தைச் சத்தமாக வாசித்தார். பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் அந்தக் கை தெரியும். இரண்டாம் பத்தி முடிவதற்குள் எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. மதியத்துக்குள் ‘தவளை’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. மறுநாள் அவள் நாற்காலியில் பல்லி முட்டை வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டாள்.

தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். கணவன் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பான். ஒன்பதாம் நாள் காலை அவள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நேரே இரண்டாம் மாடிக்கு வந்தாள். காப்பாளர் ஒரு கொக்கின் கழுத்துக்குள் கம்பியில் சுற்றிய பஞ்சை நுழைத்துக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை. நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். அந்தப் பாடத்தை எடுத்துவிடும்படி பாடநூல் குழுவுக்கு அவரே எழுத வேண்டும் என்றாள்.

அவர் பஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்தக் கட்டுரை பிள்ளையைப் பெருமைப்படுத்தத்தான் எழுதியது, புரியாத ஜனங்களுக்கு அவர் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். பிறகு வழக்கமான இடத்துக்கு வந்தார். நானூறு கோடி வருடமாக உயிர் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை இனங்கள் சுவடில்லாமல் போயிருக்கின்றன. அதற்கு முன்னால் நாலு பிள்ளைகள் கேலி செய்தது ஒரு விஷயமா?

“எனக்குப் பாடம் நடத்தாதே, அண்ணா. லெட்டர் எழுதுவியா, மாட்டியா?”

“மாட்டேன். நான் எழுதினதுலயே நல்லது அதுதான்.”

“நல்லா இருக்கும். ஊரான் பிள்ளையோட கைதானே.”

அவள் போய்விட்டாள். படிக்காதவளுக்கு எங்கே இதெல்லாம் என்று அவர் வாய்க்குள் முணுமுணுத்தார். கொக்கின் கழுத்து கோணிவிட்டது. பிரித்து மறுபடி ஆரம்பித்தார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பாடநூல் குழுவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தங்கை தானே எழுதிப் போட்டிருந்தாள். கூடவே, பிள்ளை பிறந்தபோது பார்த்த அறுவை மருத்துவரின் குறிப்பு ஒன்று. கருவில் எல்லாக் குழந்தைக்கும் விரல்கள் ஒட்டித்தான் இருக்கும், இரண்டாம் மாதவாக்கில் நடுவிலுள்ள தோல் கரைந்து விரல்கள் பிரியும், இந்தக் குழந்தைக்கு அது பாதியில் நின்றுவிட்டது, தவளையும் ஏரியும் திரும்பி வரவில்லை என்று மருத்துவர் நாலே வரியில் முடித்திருந்தார்.

காப்பாளருக்கு இது புதிதில்லை. கல்லூரியிலேயே படித்ததுதான். கட்டுரை எழுதிய அன்றும் நினைவுக்கு வந்தது. ஆனால் ‘ஏரி திரும்பி வந்திருக்கிறது’ என்ற வாக்கியம் அதற்குள் தாளில் விழுந்திருந்தது. அதை அடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

கடிதம் இயக்குநர் வழியாக வந்ததால் கட்டடம் முழுக்கப் பரவியது. படிக்கட்டில் பாலூட்டிக்காரர் ஒன்பது வருட மௌனத்தைக் கலைத்தார். “தவளை என் டிபார்ட்மென்டும் இல்லை, உங்க டிபார்ட்மென்டும் இல்லை. உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை?” பக்கத்தில் நின்ற கணக்கர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையைத் தேடினார்.

அன்று சாயங்காலமே காப்பாளர் கடிதத்தைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். கூடப்பிறந்தவனைப் பார்த்து ஊர் சிரிக்க வைத்துவிட்டாயே என்று கேட்டுவிட வேண்டும், இதோடு உறவு முடிந்தது என்று சொல்லிவிட வேண்டும். பேருந்தில் வரும்போதே வாக்கியங்கள் தயாராகிவிட்டன.

கதவைத் திறந்தவள் தங்கை மகள். உள்ளே வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை. அம்மா கடையிலிருந்து இன்னும் வரவில்லை என்றாள். அவர் அப்புறம் வருவதாகச் சொல்லித் திரும்பினார்.

“மாமா, நில்லுங்க.”

வலது கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

“எத்தனை விரல் ஒட்டியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தார். நடுவிரலும் மோதிர விரலும் மட்டும். அதுவும் முதல் கணு வரைதான். அதற்குமேல் எல்லார் கையையும் போலத்தான் இருந்தது. கட்டுரையில் ஐந்து விரலையும் நகம் வரை மெல்லிய சவ்வால் இணைத்திருந்தார் அவர்.

“அஞ்சும் ஒட்டியிருக்குன்னு எழுதியிருக்கீங்க. டீச்சர் என்னைக் கூப்பிட்டு நிக்க வெச்சு, புக்குல இருக்கற மாதிரி இல்லையேன்னாங்க. அப்பவும் எல்லாரும் சிரிச்சாங்க.” கையை இறக்கவில்லை. “நான் சின்ன வயசுல எத்தனை தடவை உங்க மடியில உக்காந்திருக்கேன். ஒரு தடவையாவது பாத்தீங்களா?”

சிட்டுக்குருவியின் சிறகில் ஓர் இறகு குறைந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடும் மனிதர் அவர். அது கலை, கொஞ்சம் கூட்டிச் சொல்வதுண்டு என்று ஏதோ ஆரம்பித்தார். அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

மறுநாள் குழுவுக்கு எழுதினார். விளக்கத்துக்கு நாலு பக்கம் ஆகும் என்று நினைத்திருந்தார். இரண்டு வரிதான் வந்தது. தகவல் தவறு, தவறு என்னுடையது, பாடத்தை நீக்கிவிடுங்கள். தங்கைக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னார். அவள் “சரி” என்றாள். வேறு ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு அண்ணியோடு பேசினாளே தவிர, அவரோடு பேசவில்லை.

அந்த வருடப் புத்தகம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பாடத்தை நடத்த வேண்டாம் என்று பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை போனது. பெயர் அதனால் போய்விடவில்லை. தங்கை மகள் பள்ளிக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ‘தவளை’ என்று கூப்பிட்டாள். இவள் குடிநீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மூன்று நாள் வகுப்புக்கு வரக்கூடாது என்று தண்டனை. தங்கை அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லையாம்.

செய்தியைக் கொண்டுவந்தது காப்பாளரின் மனைவி. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். மூலைக்குத் தள்ளப்பட்ட எந்த உயிரும் இப்படித்தான், சின்னப் பறவைகூடத் தன் எல்லைக்குள் ஒருத்தன் வந்தால், என்று சொல்ல ஆரம்பித்தார்.

“அதையும் எழுதிடாதீங்க” என்றாள் மனைவி.

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.