அறுபத்தோரு வயது மாப்பிள்ளை

கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்டவில்லை. நஜ்லா இரண்டு முறை முயன்றுவிட்டு, தம்பி தன்னூஸின் மார்பில் கையை வைத்தபடி நின்றாள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு. அவன் நேற்றுக் காலை எழுந்திருக்கவே இல்லை. காபி ஆறிப்போன பிறகுதான் அவள் போய்ப் பார்த்தாள்.

“விடு, டை கட்டினா மறைஞ்சிரும்,” என்றாள் பக்கத்து வீட்டு ஜார்ஜ் அம்மா.

“சாமியார்கிட்ட சொல்லணும். மாதா கோயில்ல இருந்து பெட்டியத் தூக்குறப்ப குலவை போடணும், அரிசி தூவணும். கல்யாணம் ஆகாம போறவன்.”

ஜார்ஜ் அம்மா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். “அது இருபது வயசுல போற பசங்களுக்கு நஜ்லா. அவங்களைத்தான் மாப்பிள்ளையா அனுப்புவாங்க. அறுபத்தோரு வயசுக்காரனுக்குக் குலவை போட்டா நம்ம சூர் ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். நீ போடுவியா?”

“எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

நேற்று முழுக்க வாசலில் நின்று ஊருக்கே சாவுச் செய்தி சொன்ன தொண்டை அது.

அடக்கப் பூசை மூன்று மணிக்கு. பத்து மணிக்கு நஜ்லா தம்பியின் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கடலோரத்துப் பழங்கால நகரத்தின் இடிபாடுகளுக்கு நடந்தாள். முப்பத்தைந்து வருஷம் அங்கே அவன் காவல்காரன். வீட்டிலிருந்து எட்டு நிமிஷ நடை. அவள் ஒரு நாளும் உள்ளே போனதில்லை. “ஒரு தடவை வாயேன் அக்கா” என்பான். “கல்லுல என்ன இருக்கு பார்க்க?” என்பாள்.

கேட்டில் அவனோடு வேலை பார்க்கும் மஹ்தி இருந்தான். எழுந்து நெஞ்சில் கை வைத்தான். சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

“உள்ள வந்து பார்த்துட்டுக் கொடுங்கக்கா. அண்ணன் எத்தனை நாள் சொல்லியிருக்கார், எங்க அக்கா கல்லுன்னா மூஞ்சியத் திருப்பிக்கும்னு.”

இரண்டு வரிசைத் தூண்கள். நடுவே மஞ்சள் பூத்த புல். கடைசியில் கடல்.

“மேல நிக்கிறது ரோமாபுரிக்காரன் தூண். நம்ம முப்பாட்டன் பினீசியனோட ஊரு இதுக்கெல்லாம் அடியில கிடக்கு. இதைச் சொல்லாம அண்ணன் ஒருத்தரையும் வெளிய விட மாட்டார்.”

அவளிடமும்தான் சொல்லியிருக்கிறான், சாப்பிடும்போது. அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறாள்.

கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடலுக்கு முதுகைக் காட்டி, தூண்களைப் பார்த்துக் கிடந்தது.

“அண்ணனோடதுதான். கல்யாணக்காரங்க போட்டோ எடுக்க வருவாங்கல்ல? இன்னிக்குக்கூட மத்தியானம் ஒண்ணு இருக்கு. பொண்ணு கவுன்ல முள்ளு மாட்டுனா அண்ணன்தான் எடுத்து விடுவார். அப்புறம் இங்க உட்கார்ந்து குலவையக் கேட்டுக்கிட்டே இருப்பார். ‘நீங்க எப்பண்ணே மாப்பிள்ளை ஆகப்போறீங்க?’ன்னு கேப்போம். ‘அக்காவக் கேட்டுச் சொல்றேன்’பார்.”

மஹ்தி சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, காபி கொண்டு வருவதாகச் சொல்லிப் போய்விட்டான்.

நஜ்லா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்டுத்தான் இருக்கிறான், ஒரே ஒரு தடவை. முப்பது வருஷம் இருக்கும். பக்கத்து ஊர் சைதாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை இங்கே கூட்டி வந்த ஒரு டீச்சர். சூப்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே, அவளைக் கட்டிக்கவா என்று கேட்டான். “அவ இந்தப் படி ஏறினா நான் இறங்கிடுவேன்” என்றாள் இவள். அவன் சூப்பைக் குடித்து முடித்தான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த டீச்சரிடம் ஒரு குறையும் இல்லை. இவளுக்குப் பயம், அவ்வளவுதான். தான் தனியாகிவிடக் கூடாதென்று தம்பியைத் தனியாக்கினாள். பாவி.

சாவியை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

மூன்றரை மணிக்குக் கோயில் மணி அடிக்க, ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். பின்னால் இருபது பேர்கூட இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழி இடிபாடுகளின் மதிலை ஒட்டியது. கேட்டுக்கு வெளியே ரிப்பன் கட்டிய கார்கள் நின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

நஜ்லா தன் கோட்டுப் பையிலிருந்து அரிசியை அள்ளி இடது கையில் வைத்துக்கொண்டாள். வலது கையை வாயருகே கொண்டுபோனாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜார்ஜ் அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள். “வேணாம்டி, மானம் போகுது.”

கையை உதறிக்கொண்டு நஜ்லா மறுபடி வாயைத் திறந்தாள். கீச்சென்று, ஓட்டைக் குரலில், குலவை வந்துவிட்டது. பெட்டி சுமந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மேளம் நின்றது. இன்னொரு கல்யாணம் வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் ஒரு குலவைக்குப் பதில் குலவை போடாமல் யாரும் இருப்பதில்லை. பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே மூச்சில் எடுத்தார்கள்.

“ஐயோ, சாவுன்னு தெரியாது அவங்களுக்கு, சொல்லிட்டு வரேன்,” என்று கேட்டிலிருந்து மஹ்தி உள்ளே ஓடப் பார்த்தான்.

“போகாத மஹ்தி,” என்றாள் நஜ்லா. “போட விடு.”

அரிசியை வீசினாள். பெட்டியின் மூடியில் அது சடசடவென்று விழுந்தது. அந்தப் பக்கம் குலவை ஓய்ந்தது. பெண் வீடு போட்டாயிற்று, இனி மாப்பிள்ளை வீட்டின் முறை. பெண் வீட்டார் காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் அவள் ஒருத்திதான் இருந்தாள். நஜ்லா மறுபடியும் கையை வாயருகே கொண்டுபோனாள்.