இல்லாத ஐம்பது வெள்ளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு அட்டவணையிலிருந்து வந்தது. நாட்டின் குடும்பங்களை வருமானப்படி பத்துப் பங்காகப் பிரித்து, எந்தப் பங்குக்கு எவ்வளவு போகிறது என்று போட்டிருந்தார்கள். கடைசியில் கிடந்த ஏழைகளின் பங்கைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. இதில் ஒருத்தியாவது பொய் சொல்லியிருப்பாளே என்று தோன்றியது. அந்த ஒருத்திதான் ராமாத்தாள்.

2

முதல் தொடக்கம்: 'அவசரகாலத்தின் இருள் மலாக்காவை மூடியிருந்த அந்த—'

சே! இருளாவது, மூடுவதாவது. மத்தியானம் மூன்று மணி, மண்டையைப் பிளக்கும் வெயில்.

இரண்டாம் தொடக்கம்: 1951. மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி. வேலைக்குப் போகிறவள் ஒரு பிடி சோறு எடுத்துப் போனாலும் கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று. புருஷனை இழந்த ராமாத்தாளும் மகள் ஜானகியும் மரம் வெட்டி, அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப் பால் இறக்கி, மாதம் எழுபது வெள்ளி சம்பாதித்தார்கள். அன்றைக்கு ஜானகியைப் பெண் பார்க்க, தஞ்சோங் கிளிங்கிலிருந்து குஞ்சம்மா வந்திருந்தாள். மகன் பஸ் கண்டக்டர்.

அந்த நேரம் பார்த்தா கணக்கெடுப்புக் குமாஸ்தா, கிராணி அருளம்பலம் உள்ளே வரவேண்டும்?

(* அந்த வருடம் அப்படி ஒரு கணக்கெடுப்பு நடந்ததா என்று தேடாதீர்கள். நடத்தியது நான்.)

"உங்கட குடும்பத்துக்கு மாசம் எவ்வளவு வருமானம், அம்மா? மறைக்காமல் சொல்லுங்கோ."

சம்பந்தியாகப் போகிறவள் காப்பி டம்ளரோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

"நூத்தி இருவது வருதுங்க ஐயா. மரம் வெட்டுறதுல எழுவது, மாட்டுப் பால் ஊத்துறதுல அம்பது."

மாடு வற்றிப்போய் ரொம்ப நாளாயிற்று.

"பரவாயில்லையே லா!" என்று சிரித்தபடி குஞ்சம்மா ஜானகியைப் பார்க்கச் சமையல் பக்கம் எழுந்து போனாள். அதன்பிறகு கிராணி செலவைக் கேட்டார். அரிசி, கருவாடு, எண்ணெய், துணி என்று ராமாத்தாள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கூட்டினால் எழுபது.

3

அருளம்பலத்தை முதலில் கெட்டவராகத்தான் எழுதினேன். 'கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் குரூரமாக' [அடித்துவிட்டேன்]. அவர் பாவம், வரவில் செலவைக் கழித்தார்.

"மிச்சம் அம்பது இருக்குதே. சேமிப்போ?"

"சேமிப்பா? அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அதையும் எழுதிக்கொண்டு போனார். காகிதம் மேலிடத்துக்குப் போனது. அந்த நாளில் ஒரு தோட்டக்காரியிடம் மாதாமாதம் ஐம்பது வெள்ளி கணக்கில் வராவிட்டால், அது காட்டுக்குத்தான் போகிறது என்பார்கள்.

4

பரிசம் போடுகிற அன்றைக்குப் போலீஸ் லாரி வந்தது. குஞ்சம்மா தாம்பூலத் தட்டோடு பாயில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்பது வெள்ளிய யாருக்குக் குடுக்கிற?" இன்ஸ்பெக்டர் நல்ல தமிழில் கேட்டார்.

ராமாத்தாள் அவரைப் பார்க்கவில்லை, குஞ்சம்மாவைப் பார்த்தாள். உயிர்ப்பயமா, மானமா என்று எனக்கே தெரியவில்லை. இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது; வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஜானகிதான் பேசினாள். "அம்மா பொய் சொன்னாங்க சார். அப்படி ஒரு அம்பது வெள்ளிய நாங்க கண்ணால பாத்ததில்ல. இவங்க முன்னாடி குறைச்சுச் சொல்ல வெக்கப்பட்டுட்டாங்க."

தன் கல்யாணத்தைத் தானே போட்டு உடைத்தாள் பாவி.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "இல்லாத காசுக்குப் பொய் சொல்ற ஆள நான் பாத்ததே இல்ல. இருக்கிற காசுக்குத்தான் பொய் சொல்லுவாங்க. ஏறு லாரியில."

5

முடிவு ஒன்று: விசாரித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை.

முடிவு இரண்டு: தடுப்பு முகாம், பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல், கரையில் ஜானகி தனியாக— வேண்டாம். எழுதக் கை வரவில்லை.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. குஞ்சம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "அந்தப் பணம் எங்கிட்டதான் இருக்கு சார். கல்யாணச் செலவுக்குக் குடுத்து வச்சிருக்காங்க."

ஏமாற்றப்பட்டவள் அவள். தன்னை ஏமாற்றியவளுக்காக அவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்கிறாள். வாயைத் திறக்கிறாள்—

என்னால் முடியவில்லை. அந்த வாக்கியத்தை அவள் வாயில் வைப்பதானால் நீங்கள் வையுங்கள். வைப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: லாரியில் இன்னொருத்திக்கும் இடம் இருக்கிறது. குஞ்சம்மா அதைப் பார்த்துவிட்டாள்.