இடப்பக்கம் திரும்பிய சுற்று

14 மே 2025, புதன்

ஒரு பிழையை முதலில் எழுதிவிடுகிறேன். பிரெஞ்சு பேசும் இந்தக் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் அடுக்குமாடித் தொகுதியை மூன்று கிழமைகளில் பன்னிரண்டு தடவை சுற்றி நடந்து, பன்னிரண்டு வரைபடங்கள் கீறியிருக்கிறேன். பன்னிரண்டும் வலமாகச் சுற்றியவை. அதைக் கவனித்தவளும் நான் இல்லை. நேற்று மாலை, நடந்து பார்த்து வரைபடம் கீறப் பழகும் எங்கள் வகுப்பில், ஆசிரியை கத்தரின் என் கொப்பியைப் புரட்டி, "அம்புக்குறிகள் ஏன் எல்லாம் ஒரே பக்கம் போகின்றன?" என்று கேட்டார். கோயிலை அப்படித்தான் சுற்றுவோம், கால் அதற்கே பழகிவிட்டது என்று பிரெஞ்சில் சொல்லப் பார்த்து, "பழக்கம்" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அதுதான் கூடுதல் பயமாக இருந்தது.

நாளை என்னுடைய முறை. வகுப்பில் உள்ள பத்துப் பேரை அழைத்துச் சென்று, மனிதர்கள் நடந்து நடந்தே நிலம் மாறிய ஓர் இடத்தைக் காட்ட வேண்டும். என்னிடம் இருந்தவை சீமெந்து நடைபாதை, பதினாறு குப்பைத்தொட்டிகள், சில்லு இல்லாத ஒரு சைக்கிள். வகுப்பிலிருந்து விலகுவதாக ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தேன்.

இன்று மாலை ஆறு மணிக்கு வாசலில் இறங்கி இடப்பக்கம் திரும்பினேன். முதல் இருபது அடி, யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல் கூச்சமாக இருந்தது.

பின்தெருவில் உயரமான பச்சை வேலி ஒன்று உண்டு. வழமையாக வரும் பக்கத்திலிருந்து பார்த்தால் சுவரோடு ஒட்டி நிற்பதுபோல் தெரியும். இன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தபோது, வேலிக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி தெரிந்தது. உள்ளே புல் தேய்ந்து, சரிவில் மேலேறும் மண்பாதை. வழுக்கும் இடத்தில் இரண்டு பலகைகள் பதித்திருந்தார்கள். தொலைத்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று யாரோ ஒரு நீலக் கையுறையைக் கிளையில் செருகியிருந்தார்கள்.

மேலிருந்து, ஆஸ்பத்திரி வேலை முடிந்து என் அறைத்தோழி சாருஜா இறங்கி வந்தாள்.

"நீ என்னடி இதுக்குள்ள நிக்கிறாய்?"

"இது என்ன பாதை?"

"பஸ் தரிப்பில இருந்து வாற வழி. வேலையால வாற எல்லாரும் இதாலதான். ரோட்டால சுத்தினா எட்டு நிமிசம் கூட."

"ரெண்டு வருசமா இதாலயா வாறாய்?"

"ஓம்."

"பிறகு ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ எங்க கேட்டனி? குப்பைத்தொட்டி எத்தினை எண்டுதானே கேட்டனி."

பலகைகளைக் காட்டினேன்.

"அது மாக்கிரட் போட்டது. என்னோட வேலை செய்யிற மனுசி. மார்ச்சில ஐஸில விழுந்தவ, அடுத்த நாளே பலகையோட வந்திட்டா."

மூன்று தடவை ஏறி இறங்கி அளந்தேன். அறுபத்துநான்கு அடி, என் காலடி. ஒடுங்கிய இடத்தில் ஒருவர்தான் போகலாம். என் வலச்சுற்றுக் கதையைக் கேட்ட சாருஜா சாப்பாட்டுப் பையோடு கூடவே ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் "வலமா இடமா, மேடம்?" என்று கேட்டாள். மூன்றாம் முறை ஏறும்போது, சீருடையில் ஒருவர் எங்களுக்காக மேலே காத்து நின்று, "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார்.

"அந்தாளையும் எழுது," என்றாள். எழுதினேன். சிரிப்பில் எழுத்துக் கோணிவிட்டது, திருத்தவில்லை.

மின்னஞ்சலை அழித்துவிட்டேன்.

நாளை மாலை ஆறரைக்கு வகுப்பில் உள்ள எல்லாரையும் வாசலில் சேர்த்து, இடப்பக்கம் திரும்ப வேண்டும். பாதையில் ஒருவர் பின் ஒருவராக. வேலை முடிந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும்.